டிக் விழாத கட்டம்

கேள்வி: வணக்கம் சார். நங்கநல்லூரில் வீட்டிலேயே பட்சணம் செய்து விற்கிறேன். சீர் முறுக்கு, அதிரசம், தீபாவளி ஆர்டர் என்று செலவு போக மாதம் சராசரியாக 40 ஆயிரம் நிற்கும். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி சூப்பர்வைசர். கைக்கு 55 ஆயிரம் வருகிறது. பையனுக்குப் பத்து வயது. போன மே மாதம் ஸ்விட்சர்லாந்தும் பாரிஸும் பார்க்கலாம் என்று விசாவுக்குப் போட்டோம். ஸ்விஸ் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது என்று சொல்லி, ஏஜென்ட், ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளில் வேறொன்றுக்குப் போட்டார். வங்கியில் 1 லட்சத்து 20 ஆயிரம்தான் இருந்தது. போதாது என்றார். என் நகையை அடகு வைத்து 4 லட்சம் ரொக்கமாகக் கணக்கில் கட்டினோம். மூன்று பேருக்கும் விசா மறுத்துவிட்டார்கள். அடுத்த முறைக்கு ஆகுமே என்று அந்தப் பணத்தை அப்படியே வைத்திருக்கிறோம். நவம்பரில் 2 லட்சம் ஏலச்சீட்டும் எடுக்கப் போகிறேன். இப்போது அதே ஏஜென்ட், 8 லட்சம் காட்டலாம், மூன்று வருட ஐ.டி.ஆர். (வருமான வரிக் கணக்கு) ரெடி பண்ணித் தருகிறேன், புது பாஸ்போர்ட் எடுத்தால் பழைய மறுப்பு தெரியாது, பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் போட்டால் விசா நிச்சயம் என்கிறார். அவர் சொல்கிறபடி செய்யலாமா? என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருப்பதுதான் காரணம் என்கிறார் நாத்தனார். அதுவும் இருக்குமா? கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. ஒருவேளை போனால், பையனுக்கு முறுக்கு எடுத்துப் போகலாமா?

பதில்: நங்கநல்லூர் சகோதரிக்கு வணக்கம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த ஃபைல் நகலை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கொஞ்சம் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக எழும்பூரில் உட்கார்ந்து அடுத்தவர்களின் விசா ஃபைல்களைப் புரட்டுவதுதான் என் பிழைப்பு. அதில் பாதி நாள், யாரோ போட்ட முடிச்சை அவிழ்ப்பதிலேயே போய்விடுகிறது.

முதலில் அந்த மறுப்புக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஷெங்கனில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. எந்த நாடு மறுத்தாலும் படிவம் ஒன்றுதான். காரணங்கள் வரிசையாக அச்சடிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். உங்களுடையதில் இரண்டு இடத்தில் டிக் விழுந்திருக்கிறது. எதற்காகப் போகிறீர்கள், எங்கே எப்படித் தங்கப் போகிறீர்கள் என்பது நிரூபிக்கப்படவில்லை என்பது ஒன்று. விசா முடிவதற்குள் திரும்பி வருவீர்களா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது மற்றொன்று. அதே பக்கத்தில் பணத்துக்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள். தங்குவதற்கும் திரும்புவதற்கும் போதிய வசதி காட்டவில்லை என்று சொல்லும் கட்டம். அதில் டிக் இல்லை.

டிக் விழாத அந்தக் கட்டத்துக்காகத்தான் உங்கள் ஏஜென்ட் இப்போது 8 லட்சம் கேட்கிறார். வயிற்றுவலி என்று போனவருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

சரி, டிக் விழுந்தது ஏன்? உங்கள் ஃபைலைத் தூதரக அதிகாரி எப்படிப் படித்திருப்பார் என்று பார்ப்போம். அவர் உங்களை நேரில் பார்ப்பதில்லை. நீங்கள் போய் நின்ற விசா மையம் தபால் பெட்டி மாதிரிதான். காகிதம் வாங்குவார்கள், கைரேகை எடுப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். சென்னையில் பெரும்பாலான ஷெங்கன் நாடுகளுக்கு வி.எஃப்.எஸ்., ஸ்பெயினுக்கு பி.எல்.எஸ். என்று பெயர் மாறும், ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் இரண்டுக்குமே கிடையாது. முடிவெடுக்கிறவருக்கு உங்கள் முகமும் தெரியாது, நங்கநல்லூரும் தெரியாது. மேசையில் இருக்கும் காகிதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பது மட்டும்தான் தெரியும்.

உங்களுடையவை ஒத்துப்போகவில்லை. ஓட்டல் பதிவுகளில், ஏஜென்ட் தேர்ந்தெடுத்த நாட்டில் ஆறு இரவு, ஸ்விட்சர்லாந்தில் மூன்று, பாரிஸில் மூன்று. ஆனால் கவரிங் லெட்டரில், ஸ்விஸ் மலைகளைப் பார்ப்பது எங்கள் நெடுநாள் ஆசை என்று இருக்கிறது. ஆறு இரவு தங்கப்போகிற நாட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதைவிட மோசம் மூன்றாவது பத்தி. 'எங்கள் மகளின் பள்ளி விடுமுறையை முன்னிட்டு' என்று ஆரம்பிக்கிறது. உங்களுக்கு மகள் இல்லையே! வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். கீழே நீங்களும் கணவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், படிக்காமல். இதற்கு மேல் பயண நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்ற டிக்குக்கு வேறு விளக்கம் வேண்டுமா?

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதற்கு ஷெங்கன் விதி தெளிவாகவே இருக்கிறது. எந்த நாடு பயணத்தின் முக்கிய இடமோ, அதாவது எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டுக்கு. எல்லா இடத்திலும் சம நாள் என்றால்தான் முதலில் நுழையும் நாட்டுக்கு. சென்னையிலிருந்து நேரே ஃபிராங்க்பர்ட் போய் அங்கே விமானம் மாறி ஜூரிக் போனாலும், அதற்காக ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வழியில் இறங்குவது தங்குவதாகாது. உங்கள் ஆசை ஸ்விஸ் என்றால் ஸ்விஸுக்கே போடுங்கள். பாரிஸில் மூன்று இரவு அதே விசாவில் போகலாம். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. தேதி கிடைக்கவில்லை என்று நாட்டை மாற்றுவதைவிட, தேதி கிடைக்கிற மாதத்தில் போடுவது புத்திசாலித்தனம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்க அனுமதி உண்டு. மே 5 புறப்பாடு என்றால் நவம்பர் 5 முதல் போடலாம். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் முழுப்பரீட்சை அட்டவணை வந்த பிறகுதான் விழிக்கிறார்கள். மார்ச்சில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்று புலம்பினால் என்ன செய்வது?

அடுத்தது அந்த 4 லட்சம்.

உங்கள் ஸ்டேட்மெண்ட் என் மேசையில் விரிந்திருக்கிறது. 41 பக்கம். 180, 350, 1,200 என்று ஜிபேயில் சின்னச் சின்ன வரவுகள். மாதம் ஒன்றாம் தேதி கணவர் கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை. மாவு, எண்ணெய், காஸ் சிலிண்டர். இப்படியே 38 பக்கம் நல்ல ஓட்டம். ஒரு குடும்பம் உழைத்துச் சம்பாதிக்கிறது என்பது எண்களிலேயே தெரிகிறது. 39ஆம் பக்கத்தில் திடீரென்று ரொக்கம் 4,00,000. அதற்குப் பத்து நாள் கழித்து ஸ்டேட்மெண்ட் எடுத்த தேதி. அதிகாரிகள் தினமும் பார்க்கிற காட்சி இது. யாரோ கொடுத்த பணம், விசா வந்ததும் திரும்பிப் போய்விடும் என்று ஒரு நொடியில் முடிவு கட்டிவிடுவார்கள். அதன் பிறகு முதல் 38 பக்கத்தின் மேலும் நம்பிக்கை போய்விடும். திரும்பி வருவீர்களா என்ற சந்தேகத்துக்கு இது பெரிய காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகவே முதல் வேலையாக அந்த 4 லட்சத்தை எடுத்துக்கொண்டு போய் நகையை மீட்டுவிடுங்கள். நாளைக்கே. வட்டி ஓடுகிறது என்பது ஒரு பக்கம். இந்தப் பணம் கணக்கில் இருக்கிற ஒவ்வொரு மாதமும் அடுத்த ஸ்டேட்மெண்ட்டையும் கெடுக்கிறது என்பது இன்னொரு பக்கம்.

அப்படியானால் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? ஒவ்வொரு நாடும் ஓர் அளவு வைத்திருக்கிறது. தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறவருக்கு ஸ்விட்சர்லாந்து ஒரு நாளைக்கு 100 ஃபிராங்க் என்று கணக்கிடுகிறது. நான் கீழே சொல்லப்போகிற பயணம்போல ஒன்பது நாள், மூன்று பேர் என்றால் 2,700 ஃபிராங்க். ஒரு ஃபிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது, ஆகவே மூன்று லட்சத்தை ஒட்டி வரும். இது குறைந்தபட்ச அளவுகோல், இதைக் காட்டினால் விசா உறுதி என்று அர்த்தமில்லை. ஆனால் எட்டு லட்சம் என்பது எந்த விதியிலும் இல்லாத எண்.

அதிகாரி மனதில் ஓடும் இன்னொரு கணக்கும் உண்டு. ஏஜென்ட் போட்ட பயணத் திட்டத்தின் மொத்தச் செலவு ஆறரை லட்சம் என்று அவரே எழுதிக் கொடுத்த தாளில் இருக்கிறது. உங்கள் இருவர் வருமானம் மாதம் 95 ஆயிரம், சேமிப்பு 1 லட்சத்து 20 ஆயிரம். ஏழு மாத வருமானத்தைப் பன்னிரண்டு இரவில் செலவழித்துவிட்டு வெறும் கையோடு ஊர் திரும்புகிற குடும்பம் உண்டா என்று அவர் யோசிப்பார். யோசிக்கத்தானே செய்வார்? பயணத்தைக் குறையுங்கள். ஸ்விஸில் ஐந்து இரவு, பாரிஸில் மூன்று இரவு போதும். செலவும் உங்கள் சம்பாத்தியத்துக்குப் பக்கத்தில் வரும்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். நவம்பரில் 2 லட்சம் ஏலச்சீட்டு எடுக்கப் போவதாக. அது பதிவுபெற்ற சீட்டு நிறுவனம் என்றால் அருமை. பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள். காசோலையாகவோ வங்கி மாற்றமாகவோ வாங்கி, மாதாமாதம் கட்டிய பாஸ்புத்தகத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள். அடகுப் பணமும் பெரிய தொகைதான், சீட்டுப் பணமும் பெரிய தொகைதான். சீட்டுப் பணத்துக்குப் பின்னால் இருபது மாதம் கட்டிய வரலாறு இருக்கிறது. தெருவில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சீட்டு என்றால் காகிதத்தில் காட்ட வழியில்லை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

உங்கள் நிலைமையில் என் ஆலோசனை, ஜனவரி கடைசியில் விண்ணப்பிப்பது. ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை ஆறு மாத ஸ்டேட்மெண்ட் கொடுத்தால் அதில் தீபாவளி ஆர்டர் மொத்தமும் விழும், கணவரின் போனஸ் விழும், சீட்டுப் பணம் விழும், தை பிறந்ததும் வருகிற கல்யாண ஆர்டர் முன்பணம்கூட விழும். ஐப்பசியில் பொங்கி மார்கழியில் படுக்கிற வரவுதான் பட்சணக்காரர் கணக்குக்கு இயல்பு. அதை ஒரே மட்டமாக்க முயல வேண்டாம். ஆனால் ஸ்விஸ் அதிகாரிக்குத் தீபாவளிச் சந்தடி தெரியாது. ஒரு தாளில் மாத வாரியாக மொத்த வரவு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் என்று எழுதி ஸ்டேட்மெண்ட்டுக்கு மேலே வையுங்கள். 'அக்டோபர், தீபாவளி இனிப்பு காரம் ஆர்டர்கள்' என்ற அளவுக்கு இருந்தால் போதும்.

இந்த யோசனை என்னுடையதல்ல. பல வருடத்துக்கு முன்னால் குரோம்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற லேத் மெஷின்காரர். வங்கிப் பாஸ்புத்தகத்தில் ஒவ்வொரு வரவுக்கும் எதிரே பென்சிலால் குறிப்பு எழுதி வைத்திருந்தார். 'மாடி வாடகை', 'எல்.ஐ.சி. முதிர்வு', 'மாப்பிள்ளை திருப்பிக் கொடுத்தது'. பாஸ்புத்தகத்தில் கிறுக்கக்கூடாது என்று வங்கிக்காரர் திட்டினாராம். நான் அந்தக் குறிப்புகளை அப்படியே ஒரு தாளில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தேன். அதற்கு முன் இரண்டு தடவை மறுக்கப்பட்டவர் அவர். மூன்றாம் தடவை விசா வந்தது. கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போடவில்லை.

ஐ.டி.ஆர். ரெடி பண்ணித் தருகிறேன் என்கிற பேச்சுக்கு வருகிறேன். அது இரண்டு அர்த்தத்தில் இருக்கலாம். போலியாக அச்சடித்துத் தருவது ஒன்று. அப்படியானால் அந்த ஏஜென்ட்டின் எண்ணை அழித்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டு உண்மையா என்று சரிபார்க்க முடியும், சரிபார்க்கிறார்கள். போலி என்று தெரிந்தால் மறுப்போடு நிற்காது. பிரிட்டன் போன்ற நாடு மோசடி என்று முத்திரை குத்தினால் பத்து வருடம் உள்ளே நுழைய முடியாது. கையெழுத்து உங்களுடையது, ஏஜென்ட்டுடையதல்ல. இன்னொரு அர்த்தம், விட்டுப்போன வருடங்களுக்கு இப்போது உண்மையாகவே தாக்கல் செய்வது. அது சட்டப்படி சரிதான், ஆனால் மூன்று வருட ரிட்டர்னும் ஒரே வாரத்தில் தாக்கலான தேதியோடு இருந்தால், விசாவுக்காகச் செய்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். இந்த வருடத்துக் கணக்கைக் கெடுவுக்குள் ஒழுங்காகத் தாக்கல் செய்யுங்கள். சிறு தொழிலுக்கு ஐ.டி.ஆர்.-4 படிவம் இருக்கிறது, வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டாலும் தாக்கல் செய்யலாம். தெருவுக்கு ஓர் ஆடிட்டர் இருக்கிற ஊர் இது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை ஆன்லைனில் இலவசமாக நீங்களே செய்துகொள்ளலாம். உணவுப் பொருள் விற்பதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எப்படியும் வேண்டும். விசா வந்தாலும் வராவிட்டாலும் இவை தொழிலுக்கு உதவும்.

உங்கள் குடும்பத்தில் கனமான காகிதம் கணவருடையதுதான். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16, பி.எஃப். கணக்கு விவரம் எல்லாம் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே கம்பெனி விடுப்புக் கடிதம். லெட்டர்ஹெட்டில், பதவி, சேர்ந்த வருடம், சம்பளம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை விடுப்பு, எந்தத் தேதி வேலைக்குத் திரும்புவார், கையெழுத்துப் போட்டவர் பெயர், தொலைபேசி எண். அந்த எண்ணில் கூப்பிட்டால் எடுப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒருவருக்குத் தூதரகத்திலிருந்து கம்பெனிக்கே போன் போயிற்று. எடுத்தவர் பக்கத்து செக்‌ஷன் சூப்பர்வைசர். 'அவரா? அவர் லீவே கேக்கலியே' என்று சொல்லி வைத்துவிட்டார். கடிதம் அசல், விடுப்பும் அசல், விசா மட்டும் வரவில்லை.

பையனை விட்டுவிட்டுப் போகும் யோசனையைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. குழந்தை இங்கே இருந்தால் திரும்பி வருவார்கள் என்று நினைப்பார்கள், உண்மைதான், அப்படி ஒரு பேச்சு இந்தத் தொழிலில் உண்டு. ஆனால் உங்கள் மறுப்புக்குக் காரணம் பையன் இல்லை. இல்லாத ஒரு மகள். பள்ளியிலிருந்து படிக்கிற சான்று, அடுத்த வருடக் கட்டணம் கட்டியிருந்தால் அதன் ரசீது, இவையே ஜூனில் அவன் திரும்பி வந்தாக வேண்டும் என்று சொல்லும். வயதான மாமியார் உங்களோடு இருக்கிறார் என்பதையும் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். செலவு பார்த்தாலும் பையனால் பெரிதாக ஏறாது. விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. 12 வயதுக்குக் கீழே கைரேகையும் கிடையாது. ஸ்விஸ் டிராவல் பாஸ் வாங்கும் பெற்றோரோடு வரும் 6 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு ஃபேமிலி கார்டு உண்டு, ரயிலில் இலவசம். பத்து வயதில் பனியைப் பார்க்க வேண்டிய பையனை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் அங்கே என்ன பார்ப்பீர்கள்?

அவனுடைய படிவத்தில் அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ் இரண்டின் நகலையும் வையுங்கள்.

புது பாஸ்போர்ட் எடுத்தால் பழைய மறுப்பு மறைந்துவிடும் என்பது பதினைந்து வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் நம்பலாம். இப்போது ஷெங்கன் விண்ணப்பம் எல்லாமே வி.ஐ.எஸ். என்கிற பொதுத் தகவல் தொகுப்பில் ஐந்து வருடம் இருக்கும். உங்கள் இருவர் கைரேகையும் ஏற்கெனவே அதில் இருக்கிறது. 59 மாதத்துக்குள் மறுபடி விண்ணப்பித்தால் அதையே எடுத்துப் பயன்படுத்துவார்கள். பாஸ்போர்ட் எண் மாறலாம், விரல் மாறாது. ஆகவே நீங்களே முந்திக்கொள்ளுங்கள். கவரிங் லெட்டரில் ஒரு பத்தி: போன வருடம் இன்ன தேதி இன்ன நாட்டுக்கு விண்ணப்பித்தோம், மறுக்கப்பட்டது, பயணத் திட்டமும் கடிதமும் முரணாக இருந்தன, கணக்கில் கட்டிய 4 லட்சம் நகைக்கடன், அதைத் திருப்பிக் கட்டி நகையை மீட்டுவிட்டோம், ரசீது இணைத்திருக்கிறோம். இவ்வளவுதான். அதற்காக அடகுக்கடை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று எங்கே விண்ணப்பித்தாலும், வேறு நாட்டில் மறுக்கப்பட்டதுண்டா என்று படிவத்திலேயே கேள்வி வரும். இன்று ஒரு தடவை மறைத்தால் அங்கெல்லாம் மறைக்க வேண்டியிருக்கும்.

மேல்முறையீடு செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது நல்லது. உரிமை இருக்கிறது, ஆனால் நாட்டுக்கு நாடு முறை வேறு, கெடு வேறு. ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் மறுபரிசீலனை மனு என்கிற எளிய வழியையே நிறுத்திவிட்டது. உங்கள் விஷயத்தில் மறுத்தது தப்பு என்று வாதாட இடமும் இல்லை. புதிதாக விண்ணப்பிப்பதே சரி. அதற்குக் காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது.

நாத்தனாரிடம் சொல்லுங்கள், சர்நேம் காலியாக இருப்பதற்காக யாரும் ஷெங்கன் விசாவை மறுப்பதில்லை. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் பாதி அப்படித்தான் இருக்கிறது. நமக்கு இருப்பது இனிஷியல், குடும்பப் பெயர் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது, வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து இருக்கிறது, திருமணச் சான்றிதழில் பழைய இனிஷியல். படிப்பவருக்கு மூன்று பெண்கள். மூன்றும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் நோட்டரியிடம் வாங்கி வையுங்கள். முடிந்தால் வங்கியில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிவிடுங்கள், அதுதான் நிரந்தர வழி. ஒற்றைப் பெயர் உண்மையாகவே இடிக்கிற இடம் துபாய். 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கொடுப்பதில் கெடுபிடி காட்டுகிறது. திரும்பும் வழியில் துபாயில் ரெண்டு நாள் என்று யாராவது ஆசை காட்டினால், இதை முதலில் விசாரியுங்கள்.

மற்றவை சில்லறை. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும், பயண நாள் அத்தனைக்கும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கத்தோடு இருக்க வேண்டும். விமானத்துக்கு முன்பதிவு காட்டினால் போதும், பணம் திரும்பாத டிக்கெட்டை விசாவுக்கு முன்னால் வாங்காதீர்கள். ஓட்டலை இலவச ரத்து வசதியோடு பதியலாம், தப்பில்லை. ஆனால் விண்ணப்பத்தைக் கொடுத்த மறுநாளே ரத்து செய்கிற பழக்கம் சில ஏஜென்ட்களுக்கு உண்டு. ஓட்டலுக்குப் போன் செய்து கேட்கிற அதிகாரிகளும் உண்டு. முடிவு வரும் வரை பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகும். பாஸ்போர்ட் கூரியரில் வந்ததும் உறையைப் பிரித்து ஸ்டிக்கரில் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், எத்தனை தடவை நுழையலாம் என்பதைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் அன்றே மையத்துக்குத் தெரிவியுங்கள், ஜூரிக்கில் போய்ச் சொல்லிப் பயனில்லை. ஓட்டல் பதிவு, காப்பீடு, திரும்பும் டிக்கெட் நகல்களைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். விசா இருந்தாலும் எல்லையில் கேட்பார்கள்.

முறுக்கு கேள்விக்குத்தான் உங்கள் கடிதத்திலேயே சுலபமான பதில். வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக்கூடாது என்பது அங்கே விதி. பிஸ்கட், கேக், மிட்டாய் வகைகள் இறைச்சி கலக்காதவரை அதில் வராது. முறுக்கு, தட்டை, சீடை கொண்டுபோங்கள், கடையில் பேக் செய்கிற மாதிரி நன்றாக ஒட்டி, மேலே என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் எழுதி. பால்கோவா வேண்டாம். பையன் சாதத்துக்கு நெய் கேட்பான் என்று டப்பாவில் ஊற்றாதீர்கள், தாளிக்கக் கறிவேப்பிலைக் கொத்தும் கட்டாதீர்கள். இரண்டையும் விமான நிலையத்திலேயே வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.